பின்னிணைப்பு வரை

ஜூன் 8

கொடுங்கோலாட்சி ஒன்றைக் கற்பனை செய்யும் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவல் வெளியானது 1949இல் இதே தேதியில்தான். வாசக நண்பர்களிடையே கைமாறிக்கொண்டிருந்த என் பிரதியும் தற்செயலாக இன்றுதான் வீடு திரும்பியது. கடைசியாகப் படித்தவர், "நாயகன் வின்ஸ்டன், அந்த ஆட்சியின் தலைவனான பெரியண்ணனை நேசிக்கத் தொடங்கும் வரியோடு மூடி வைத்துவிட்டேன், இனி இவ்வகை நாவல் எதையும் எனக்குத் தராதீர்கள்" என்றார். பின்னிணைப்பைப் படித்தீர்களா என்று கேட்டேன். இலக்கணக் குறிப்புதானே என்று விட்டுவிட்டாராம்.

ஜூன் 11

அவருக்காக அந்தப் பகுதியை மறுபடி வாசித்தேன். சிந்தனையைச் சுருக்குவதற்கென்றே அரசு உருவாக்கும் 'நியூஸ்பீக்' மொழியைப் பற்றிய கட்டுரை அது. ஆனால் அது எழுதப்பட்டிருப்பது சாதாரண ஆங்கிலத்தில். அதுவும் அம்மொழி என்றோ வழக்கொழிந்துபோனதைப் போல, முழுக்க இறந்தகாலத்தில். அந்த ஆட்சி நிலைத்திருந்தால் இப்படியொரு கட்டுரையை எழுத ஒருவர் மிஞ்சியிருப்பாரா என்பதுதான் கனடிய நாவலாசிரியர் மார்கரெட் அட்வுட்டின் வாதம். அமெரிக்கப் புத்தக மன்றம் ஒன்று, இந்தப் பின்னிணைப்பையும் அந்த ஆட்சியின் எதிரியாகச் சொல்லப்படும் கோல்ட்ஸ்டைன் எழுதியதாக நடுவே வரும் நூல் பகுதியையும் நீக்கச் சொன்னபோது, வரவிருந்த பெருந்தொகையைப் பொருட்படுத்தாமல் ஆர்வெல் மறுத்திருக்கிறார். பிறகு மன்றம்தான் இறங்கி வந்தது.

இதைச் சொன்னதும் இன்னொரு நண்பர், "நாவல் முழுவதும்தான் இறந்தகாலத்தில் இருக்கிறது, அது எப்படிச் சான்றாகும்?" என்று மடக்கினார். நியாயமான கேள்வி. காலத்தைவிட மொழியைத்தான் நான் நம்புகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 15

இதேபோல ஒரு கொடுங்கோலரசைக் கற்பனை செய்யும் யெவ்கேனி சம்யாத்தினின் 'நாம்' நாவலை இம்முறை நான் சிபாரிசு செய்தேன். 1924இல் ஆங்கிலத்தில் வந்துவிட்ட இந்த ரஷ்ய நாவல், சோவியத் மண்ணில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர்வெல் 1946இல் இதற்கு மதிப்புரை எழுதியிருக்கிறார். நாற்பது குறிப்புகளாக எழுதப்பட்ட நாட்குறிப்பு இது. கடைசிக் குறிப்பை எழுதுபவன், கற்பனைத் திறன் அறுவை சிகிச்சையால் அகற்றப்பட்ட மனிதன். இதற்குப் பின்னிணைப்பு கிடையாது. ஆயினும் அவனுடைய குழந்தையை வயிற்றில் சுமக்கும் பெண் அந்த அரசைச் சூழ்ந்த மதிலுக்கு அப்பால் தப்பிவிடுகிறாள் என்பதை, அவன் பொருட்படுத்தாவிட்டாலும், வாசகர் மறக்க முடியாது.

ஜூன் 22

பழைய நண்பர் வந்தார். பின்னிணைப்பைப் படித்துவிட்டாராம், ஆறுதல் கிடைக்கவில்லை, ஆனால் கோபம் குறைந்தது என்றார். அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலை எடுத்துக் கொடுத்தேன். 1985இல் வந்த அந்நாவலின் இறுதியில், 2195ஆம் ஆண்டு நடக்கும் வரலாற்றுக் கருத்தரங்கு ஒன்றின் பதிவு உண்டு: கொடுங்கோலரசு மறைந்துவிட்டது, ஆனால் பேராசிரியர் அந்த ஆட்சியில் சிக்கித் தன் கதையைச் சொல்லும் பெண்ணின் துயரத்தினிடையே நகைச்சுவை உதிர்க்கிறார். எனக்கு அச்சமூட்டிய பகுதி உண்மையில் அதுதான்.

"இந்த முறை கடைசிப் பகுதியை முதலில் படித்துவிடுகிறேன்" என்றார். வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போதே பின்பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.