மடிப்புக் கமரா தேடிய நாட்கள்

ஜூன் 1, ஞாயிறு

விடாத மழை. வெள்ளவத்தையில் பல்கனிக் கதவைத் திறந்தால் வீடெல்லாம் சாரல். பழைய கமராக்களின் படங்களைப் பார்த்தே காலை கழிந்தது. ஒதுக்கிய காசு 25,000 ரூபாய். அதற்குள் கமராவும் இரண்டு சுருள் பிலிமும் அடங்க வேண்டும். 120 என்ற அகலமான சுருள் பிலிம் போடும் நல்ல கமராக்களில் அந்தக் காசுக்கு எட்டுவது 1950களின் மடிப்புக் கமராதான். முன்பக்கம் கதவு போலத் திறக்கும், துருத்தி நீளும், வேலை முடிந்ததும் மடிந்து கோட்டுப் பைக்குள் போய்விடும். அந்தச் சின்ன உடம்பிலிருந்து 56 மில்லிமீற்றர் சதுர நெகட்டிவ்! 35 மில்லிமீற்றர் சட்டத்தைவிட மூன்றரை மடங்குக்கு மேல் பரப்பு என்று மனைவியிடம் கணக்குக் காட்டினேன். "கைத்தொலைபேசியில் எடுத்தால் செலவே இல்லையே" என்றாள். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

ஜூன் 5, வியாழன்

தூரத்தை அளந்து காட்டும் தூரமானி இணைந்த ஜெர்மன் மடிப்புக் கமரா, சூப்பர் இகோன்டாவின் விலையைப் பார்த்துப் பக்கத்தை மூடினேன். அடுத்த மயக்கம் மொஸ்க்வா-5. சூப்பர் இகோன்டாவைப் பார்த்து சோவியத் நாட்டில் 1956 முதல் 1960 வரை செய்தது. 6×9 சென்ரிமீற்றர் அளவில் சுருளுக்கு எட்டுப் படம். கம்பீரமான சாமான்தான். ஆனால் ஒரு சுருள் பிலிமுக்கு ஏங்குகிறவனுக்கு எட்டுப் படம் கட்டுப்படியாகாது. சட்டம் வைத்து அதிலும் 6×6 எடுக்கலாம். அதற்கு அவ்வளவு பெரிய இரும்பைச் சுமப்பானேன்? 6×6, 12 படம். இதுவரை இவ்வளவுதான் முடிவு.

ஜூன் 10, செவ்வாய், போசன் போயா

அலுவலக நண்பர் தன் பெரியப்பாவின் அக்ஃபா இசொலெட் 2 ஒன்றைக் கொண்டுவந்தார். கேட்ட விலை 15,000. அபோடார் லென்ஸ் கண்ணாடி போலச் சுத்தம், ஷட்டர் "கிளிக்" என்கிறது. காசைக் கொடுத்துவிடலாம் என்றே இருந்தேன். எதற்கும் ஒருமுறை என்று கொட்டாஞ்சேனையில் முன்பு ஸ்ரூடியோ வைத்திருந்த ஐயாவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் லென்ஸின் பக்கமே திரும்பவில்லை. குளியலறைக்குள் கூட்டிப்போய் விளக்கை அணைத்தார். கமராவின் பின்பக்கத்தைத் திறந்து, சிறிய டோர்ச் ஒன்றைத் துருத்திக்குள் விட்டார். மடிப்புகளின் மூலைகளெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். பௌர்ணமி விழாவுக்காக வெளியே தெருவில் தொங்கிய வெளிச்சக் கூடுகளுக்குப் போட்டியாக உள்ளே இன்னொரு கூடு.

"இந்த ரகத்துக்கு இது தலையெழுத்து, தம்பி. துருத்தி தோல் இல்லை. மூலையில்தான் முதலில் விடும்."

பிறகு தூர வளையத்தைத் திருப்பச் சொன்னார். அசையவில்லை. அக்ஃபாவில் போட்ட பச்சைக் கிரீஸ் காலப்போக்கில் பசையாக இறுகிவிடுமாம். பலவந்தமாகத் திருப்பினால் முன் வில்லையும் அடுத்த வில்லையும் ஒட்டிக்கொண்டபடி சேர்ந்து கழரும்; வளையத்தில் எண் ஒன்று, படத்தில் தூரம் வேறொன்று. சூடு காட்டி, கரைப்பான் விட்டுக் கழற்றலாம், துருத்தியும் புதிதாகச் செய்து போடலாம். "செய்யலாம். நான் செய்ய மாட்டேன். கை நடுங்குகிறது" என்றார்.

வாசலில் செருப்பைப் போடும்போது பின்னாலிருந்து குரல்: "லென்ஸின் பெயரை வாசிக்க முதல் துருத்தியைப் பாரும்."

ஜூன் 14, சனி

புறக்கோட்டையில் பழைய சாமான் கடை. கடிகாரங்களுக்கு நடுவே ஒரு கொடாக் மடிப்புக் கமரா, 4,000 ரூபாய். டோர்ச்சைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மேசைக்குக் கீழே குனிந்து, கறுப்புக் குடைக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். துருத்தியில் ஒரு பொட்டும் இல்லை. கடைக்காரர் நான் எதையோ களவெடுக்கிறேன் என்று நினைத்திருப்பார். மகிழ்ச்சி இரண்டு நிமிடம். உடம்பில் "சிக்ஸ்-20" என்று பொறித்திருந்தது; அதாவது 620 பிலிமுக்கு. பிலிமின் அகலம் 120க்கு உள்ளதுதான். சுருளின் அச்சு மெலிது, விளிம்புத் தட்டும் சிறிது. 120 சுருளை வைத்தால் உள்ளே அமராது. 1995ஆம் ஆண்டோடு கொடாக் 620ஐ நிறுத்திவிட்டது. இருட்டில் 120ஐ 620 சுருளுக்கு மாற்றிச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே பொறுமை கிடையாது.

ஜூன் 22, ஞாயிறு

சைஸ் இகோன் நெட்டார் 517/16. மூன்று வில்லை நோவார் லென்ஸ், திறப்பு எஃப் 6.3. வாரியோ ஷட்டரில் 1/25, 1/75, 1/200 வினாடி, பிறகு அழுத்தும்வரை திறந்திருக்கும் பி. அவ்வளவுதான். ஒரு வினாடி, அரை வினாடி எல்லாம் இல்லை. இல்லாத வேகம் பழுதாகிச் சிக்கிக்கொள்ளாது என்பதே எனக்கு ஆறுதல். தூரமானியும் கிடையாது, கண்ணால் மதிக்க வேண்டும். லண்டனில் 28 பவுண். அங்குள்ள மச்சாளின் முகவரிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிவிட்டேன். மிச்சக் காசில் 100 வேகப் பிலிம்.

ஜூலை 6, ஞாயிறு

காணொளி அழைப்பில் மச்சாள், மாடிப்படிக்குக் கீழேயுள்ள சாமான் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. "அத்தான், எனக்குச் சிலந்தி என்றால் பயம்." பிள்ளையின் கைத்தொலைபேசி வெளிச்சத்தைத் துருத்திக்குள் விட்டாள். மூலை மூலையாகத் திருப்பச் சொன்னேன். இருட்டு. சுத்தமான, கறுத்த, அழகான இருட்டு.

ஜூலை 26, சனி

வந்து சேர்ந்தது. லென்ஸின் ஓரத்தில் மெல்லிய பூஞ்சண நூல் ஒன்று; படத்தில் தெரியாது என்கிறார் ஐயா. ஆனால் கொழும்பின் ஈரத்தில் வளரும் என்பதால் பிஸ்கட் பேணியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கச் சொன்னார். முன்கதவை வெடுக்கென்று திறக்கக் கூடாது. துருத்தி காற்றை இழுக்கும்போது பிலிமும் வளையும். முதலில் திறந்து, பிறகு அடுத்த எண்ணுக்குச் சுற்ற வேண்டும். படத்தின் எண்ணைக் காட்டும் பின்புறச் சிவப்புச் சன்னல் சிவப்பொளியை உணராத பழைய பிலிமுக்கு ஏற்றது, இன்றைய பிலிமுக்குச் சிவப்பும் வெளிச்சம்தான். அதனால் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன்.

தூர வளையம் அடிக்கணக்கில். எங்கள் விறாந்தை ஓடுகள் ஓரடிச் சதுரம். மாலை முழுக்கக் கதிரையை நகர்த்தி நகர்த்தி, ஆறு ஓடு, எட்டு ஓடு, பத்து ஓடு என்று கண்ணுக்குப் பாடம் எடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதல் சுருள். காலிமுகத்திடலில் ஐந்து, மிச்சம் வீட்டில். வெயிலுக்கு எஃப் 11, 1/200. முகில் வந்தால் எஃப் 8. ஐயாவே கழுவித் தந்தார். உடுப்புக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, முதலில் நெகட்டிவின் விளிம்புகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எங்கும் கறுப்புக் கசிவு இல்லை. தலையை ஆட்டினார். அதன் பிறகே கண்ணாடியை மாற்றிக்கொண்டு படங்களுக்கு வந்தார்.

ஒன்பதாவது படம் பல்கனியில் மாமி. மாமி புகை மூட்டம். அவருக்குப் பின்னால், எதிர்வீட்டு மதிலில் இருந்த காகத்தின் சொண்டு வரை தெளிவு.

"மாமியார் எத்தனை ஓடு தள்ளி நின்றவர்?"

"எண்ணவில்லை, ஐயா. பல்கனியில் சீமெந்துத் தரை."