நெட்வொர்க் பிளஸ் பாஸ்: கேபிள் பகுதியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

காம்ப்டியா நடத்தும் நெட்வொர்க்கிங் சான்றிதழ் தேர்வான நெட்வொர்க் பிளஸ் (தேர்வு எண் என்10-009), ஒருவழியாகப் பாஸ். 720 தேவை, கொஞ்சம் கூடவே வந்திருக்கிறது. இனி கொஞ்ச நாளைக்கு யாரும் என்னிடம் சப்நெட் மாஸ்க் பற்றிப் பேச வேண்டாம்.

சப்நெட்டிங், ஓஎஸ்ஐ, போர்ட் எண்கள் பற்றியெல்லாம் ஏற்கெனவே எழுதிக் குவித்துவிட்டார்கள். நான் கேபிள், சிக்னல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "சின்ன டாபிக்தானே, முந்தின நாள் ராத்திரி பார்த்துக்கலாம்" என்று எல்லோரும் ஒதுக்கும் இடம் அது. என்னைக் கேட்டால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் இதற்குக் கொடுத்தது ஒரே ஒரு ஜெராக்ஸ் தாள். கேட் 5இ, 6, 6ஏ என்று கேபிள் தரங்களின் ஓர் அட்டவணை, "அப்படியே மனப்பாடம் பண்ணிடுங்க" என்று ஓர் அறிவுரை. கட்டின ஃபீஸை நினைத்தால் இன்னும் எரிகிறது. தேர்வில் டிரபிள்ஷூட்டிங், அதாவது கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பகுதிக்குத்தான் இடம் அதிகம், 24 சதவீதம். அங்கே அட்டவணை பாதி தூரம்கூட வராது. கேபிளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பி என்று எண்ணுவதை விட்டு, நான்கு ஜோடி என்று எண்ணப் பழகுங்கள். ஜோடியின் ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். வாங்கும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும். பக்கத்தில் ஒரு மோட்டார் இரைச்சலைக் கிளப்பினால் அது இரண்டு கம்பியிலும் ஏறத்தாழ ஒரே அளவு ஏறும், கழிக்கும்போது அடிபட்டுப் போகும். கம்பிகளை முறுக்கி வைத்திருப்பதே அதற்குத்தான். இது பிடிபட்டுவிட்டால் கிராஸ்டாக் (ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடிக்குள் கசிவது), இஎம்ஐ (வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல்), கனெக்டர் பக்கத்தில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்ற விதி எதையும் தனித்தனியாக உருப்போட வேண்டியதில்லை.

இப்போது ஸ்பிளிட் பேர், அதாவது ஒரு சிக்னலின் இரண்டு கம்பிகள் வெவ்வேறு ஜோடிக்குப் பிரிந்துபோகும் தவறு. கனெக்டரின் எட்டுப் பின்களில் கம்பிகளை அடுக்கும் 568பி வரிசையில் பச்சை ஜோடி 3-லும் 6-லும் உட்காரும், நடுவே 4, 5-ல் நீலம். "எதுக்கு இந்தக் குழப்பம்" என்று ஒருவர் ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று ஜோடி ஜோடியாக இரண்டு முனையிலும் அடித்துவிடுகிறார். சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3, 6-ல் ஓடும் சிக்னல் இப்போது வெவ்வேறு ஜோடிகளைச் சேர்ந்த இரண்டு கம்பிகளில் போகிறது. முறுக்கின் பலன் போச்சு, கிராஸ்டாக் கொட்டும். விளக்கு எரிந்தால் கேபிள் சரி என்று நம்புகிறவரைக் கவிழ்க்க இது ஒன்று போதும். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அப்புறம் மெகாஹெர்ட்ஸ், மெகாபிட் குழப்பம். கேட் 5இ 100 மெகாஹெர்ட்ஸ்தான், அதில் 1000 மெகாபிட் எப்படிப் போகிறது? நான்கு ஜோடியும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஜோடிக்கு நொடிக்கு 125 மில்லியன் சிம்பல் (ஒரு தடவை அனுப்பும் சிக்னல் நிலை), சிம்பலுக்கு 2 பிட். பெருக்கிப் பாருங்கள். சிலபஸில் இவ்வளவு ஆழம் இல்லைதான், ஆனால் காரணம் தெரியாமல் எனக்கு எந்த எண்ணும் மண்டையில் நிற்காது. இதில் ஓர் உபரி லாபமும் உண்டு: 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 பின்கள் மட்டும் போதும். அதனால் கிகாபிட் வரவேண்டிய இடத்தில் 100 மட்டும் வந்தால் முதல் சந்தேகம் 4, 5, 7, 8 மேல்.

மீதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன்:

- ஓர் இணைப்பின் அதிகபட்ச நீளமான 100 மீட்டர் என்பது சுவருக்குள் 90, இரு முனையிலும் செருகும் பேட்ச் கார்டுகளுக்கு (சின்ன கேபிள்கள்) 10.
- கேட் 6-ல் 10 கிகாபிட் 55 மீட்டர் வரை. 100 மீட்டர் வேண்டுமென்றால் 6ஏ. கேட் 8-ல் 25, 40 கிகாபிட் 30 மீட்டர் வரைதான்.
- அட்டெனுவேஷன் (போகப் போக சிக்னல் பலவீனமாவது): 3 டெசிபல் இறங்கினால் பவர் பாதி, 10 இறங்கினால் பத்தில் ஒன்று.
- ஃபைபர் கேபிளில், ஒளி போகும் நடு இழையான கோர் சிங்கிள் மோடில் ஏறத்தாழ 9 மைக்ரான், மல்டி மோடில் 50 அல்லது 62.5.
- ஒரு கிரிம்பிங் டூல் (கனெக்டரைக் கேபிளில் அழுத்திப் பொருத்தும் கருவி), கொஞ்சம் ஆர்ஜே45 கனெக்டர் வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. 568ஏ, 568பி வரிசைகள் இரண்டையும் கையால் அடியுங்கள். பழகுவதற்குச் செம்பு பூசிய அலுமினிய கேபிள் போதும், மலிவு. வேலைக்கு மட்டும் அதைப் போடாதீர்கள்.

90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. முதலில் வரும் பிபிகியூக்களை (செய்து காட்டும் வகைக் கேள்விகள்) ஃபிளாக் பண்ணிவிட்டுத் தாண்டினேன், கடைசியில் திரும்பி வந்தேன். எனக்குப் பொறுமை கம்மி, முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டால் மீதியெல்லாம் சொதப்பும். நிதானமான ஆட்கள் வரிசையாகவே போகலாம்.

சான்றிதழ் 3 வருடம் செல்லும். அதற்குள் சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் தேர்வான சிசிஎன்ஏ எழுதலாமா என்று ஒரு யோசனை. அதில் கேபிள் இவ்வளவு வராது என்பதுதான் குறை.