தில்லையில் வெளியை வணங்கும் முறை

கடவுள் எங்கே என்றால் குழந்தைகூட விரலை மேலே நீட்டும். மழையும் வெயிலும் அங்கிருந்தே வருகின்றன. கைக்கு எட்டாமல், அரசன் ஆண்டி பாராமல் எல்லாரையும் ஒன்றுபோலக் கவிந்திருக்கிறது வானம். காப்பவன் அங்கேதான் இருப்பான் என்று மனம் நம்பியதில் வியப்பில்லை. ஐம்பூதத் தலங்களில் ஆகாயத்துக்குரிய தில்லை எனும் சிதம்பரத்திலோ அதைக் கண்மட்டத்தில் வைத்துக் கும்பிடுகிறோம். மண், நீர், தீ, காற்று நான்குக்கும் இடம் தரும் வெளியைத்தான் சைவர்கள் ஆகாயம் என்கிறார்கள். அது உச்சந்தலைக்கு மேலே மட்டும் எப்படி இருக்க முடியும்?

சிற்சபை என்னும் கருவறையில் கூத்தபிரானான நடராசர் தெற்கு நோக்கி நிற்கிறார். அவருக்கு வலப்புறம், எதிரே நிற்கும் நமக்கு இடப்பக்கம், ஒரு திரை தொங்கும். வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் சிவப்பு. பூசை செய்யும் தீட்சிதர் அதை விலக்கித் தீபம் காட்டினால் தங்க வில்வ மாலைகள் தெரியும். உருவம் எதுவும் இராது. அதுதான் சிதம்பர ரகசியம். திரை விலகியிருப்பது சிறிது நேரமே. தூக்கிய திருவடியில் கண்ணைப் பதித்தவர்களும் நடுவில் நெரிசலில் மாட்டிக்கொண்டவர்களும் இதைக் காணாமலே திரும்பிவிடுகிறார்கள். முன்கூட்டியே இடப்பக்கமாக நகர்ந்து நில்லுங்கள். திரை எப்போது விலகும் என்று தீட்சிதரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகாயத்தின் குணம் ஓசை. ஆகவே தீபாராதனை மணி ஒலிக்கும்போது பேச்சை நிறுத்திக் கேளுங்கள், அதுவும் தரிசனமே.

அண்ணாந்து பார்க்க வேண்டியது சிற்சபையின் பொற்கூரையை. பராந்தக சோழன் பொன் வேய்ந்த பெருமை இதற்குண்டு. ஓடுகள் 21,600, ஆணிகள் 72,000 என்பது மரபுக் கணக்கு. நிமிடத்துக்கு 15 மூச்சு வீதம் ஒரு நாளுக்கு 21,600 வரும். ஆணிகள் உடம்பின் நாடிகளைக் குறிக்கும். இறைவன் ஆடும் இடத்துக்குக் கூரை போட்டவர்கள் மனித மூச்சைக் கொண்டு அதை அளந்திருக்கிறார்கள் என்பது எத்தனை பெரிய விஷயம்!

நடை காலை 6 முதல் 12 வரை, மாலை 5 முதல் இரவு 10 வரை; விழா நாட்களில் மாறும். சிற்சபைக்கு முன்னுள்ள கனகசபையில் ஏற ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். ஸ்படிக லிங்கத்துக்கு ஆறு கால அபிஷேகம் நடக்கும் நேரங்களில் கீழே நின்றே பார்க்கலாம். காலை 10 மணிக்கு மேல் நடக்கும் இரண்டாம் காலத்தில் ரத்தினசபாபதி என்னும் மாணிக்க நடராசரின் பின்புறம் கற்பூரம் காட்டும்போது திருமேனி சிவந்து ஒளிரும். அதற்காகவே காலையில் போவது நல்லது.

ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை விழாக்களில் மூலவரே தேரேறி வீதிக்கு வந்து, பிறகு ஆயிரங்கால் மண்டபமான ராஜசபையில் அபிஷேகம் கொள்வார். அப்போது சிற்சபைக்குப் போய் ‘சாமி இல்லையே’ என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. நடராசரைக் காண ராஜசபைக்குப் போக வேண்டும். வெளி தேரேறுவதில்லை, அது சிற்சபையிலேயே இருக்கிறது.

கிளம்புமுன் இதே கோயிலில் உள்ள கோவிந்தராசப் பெருமாள் சந்நிதி முன் ஒருமுறை நில்லுங்கள். பாற்கடலில் பள்ளிகொண்டவரையும் அம்பலத்தில் ஆடுகிறவரையும் ஒரே இடத்தில் நின்று சேவிக்கலாம். தலையைத் திருப்பினால் போதும்.