பிந்தி வந்தவர்களின் வரிசை

மலர்க்குழுச் செயலாளர் கட்டுரைக்குக் குறித்த திகதி போய்ப் பதினொரு நாளாகிவிட்டது. நேற்றிரவு தொலைபேசியில் அழைத்து, "நீ இன்னும் திருந்தவில்லையா?" என்று கேட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். கேட்க அவனுக்கு உரிமை உண்டு.

எங்கள் பாடசாலையில் என்னை அறிந்தவர்களுக்கு என் முகம் நினைவில் இல்லாவிட்டாலும், நான் நின்ற இடம் நினைவிருக்கும். பெரிய படலைக்கு உட்புறமாக, வேப்பமர நிழல் எட்டாத இடத்தில், பிந்தி வந்தவர்களை வரிசையாக நிறுத்துவார்கள். தேவாரம் முடியும்வரை அங்கேதான் நிற்க வேண்டும். பிறகு உப அதிபர் பிரம்போடு வருவார். வரிசையின் மற்ற முகங்கள் நாளுக்கு நாள் மாறும். என் முகம் மாறாது. பஸ் வரவில்லை, சைக்கிள் காற்றுப் போய்விட்டது, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மற்றவர்கள் காரணம் சொல்வார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை, ஏனென்றால் உண்மையைச் சொன்னால் இன்னும் இரண்டு அடி விழும்.

உண்மை இதுதான்: வரும் வழியில் ஒரு பனங்காணி. அதில் தலை போன மொட்டைப் பனைகள் ஏழெட்டு. அவற்றின் பொந்துகளில் கிளிகள் குடியிருந்தன. மாசி, பங்குனியில் குஞ்சுகள் தலை நீட்டும். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு அண்ணாந்து நின்றால் பாடசாலை மணி எந்த ஊரிலோ அடிப்பதுபோலக் கேட்கும்.

கணக்குக் கொப்பியின் பின்பக்கம் முழுவதும் கிளிகள்தான். அதைப் பிடித்த கணக்கு மாஸ்டர் வகுப்புக்கே உயர்த்திக் காட்டினார். முன்பக்கத்தில் முட்டை, பின்பக்கத்தில் குஞ்சு என்றார். இன்றைக்கும் அதைவிட நல்ல பகிடியை நான் கேட்டதில்லை. ஆனால் அன்று அழுதேன். கொப்பி ஆசிரியர் அறைக்குப் போய், அங்கிருந்து சித்திர மாஸ்டரின் கைக்குப் போயிற்று. அவர் மத்தியான இடைவேளையில் என்னைக் கூப்பிட்டார். ஏசப்போகிறார் என்று போனேன். அவர் தன் பென்சிலைச் சீவி, ஒரு கிளியின் சொண்டின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். "மேல் சொண்டு கீழ்ச் சொண்டைத் தாண்டி வளைய வேண்டும். நீ கீறியிருப்பது காகம்" என்றார். கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டுத் தன் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

இத்தனை காலத்துக்குப் பின் இதெல்லாம் எதற்கு என்றால், அதற்குக் காரணம் மிசுகி ஷிகெரு என்ற யப்பானியர். படம் கீறிக் கதை சொல்பவர். அவர்கள் அதை மங்கா என்பார்கள், செய்பவரை மங்காக்கா என்பார்கள். அவருடைய பல நூல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது மொன்றியலில் உள்ள ஒரு பதிப்பகம். அதனால் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்துக்கும் அவை வந்து சேர்ந்தன. மகள் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். பொம்மைப் புத்தகம் என்று நினைத்துப் புரட்டியவன், அன்றிரவு இரண்டு மணிக்குத்தான் படுத்தேன்.

அவர் பிறந்தது 1922 மார்ச் 8 இல். இயற்பெயர் முரா ஷிகெரு. வளர்ந்தது யப்பான் கடலோரத்தில், தொத்தோரி மாகாணத்துச் சகாய்மினத்தோ என்ற மீன்பிடி ஊரில். பிள்ளைக்குப் பேச்சும் புத்தியும் மெதுவாக வருகிறது என்று பெற்றோர் அவரை ஒரு வருடம் பிந்தியே பள்ளிக்கு அனுப்பினார்கள். தன் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராமல் "கெகெரு" என்பாராம். அந்தக் 'கெகெ' பின்னாளில் அவருக்குச் சோறு போட்டது.

பள்ளியில் சேர்ந்த பின்னும் அவர் பிந்தினார். சகோதரர்கள் அரைவயிற்றோடு ஓட, இவர் எழும்பும்போது எழும்பி, ஆறுதலாக இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். முதல் பாடம் பெரும்பாலும் கணக்கு. ஆகவே கணக்கில் முட்டை. இதை வாசித்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், மகள் என்னவென்று கேட்டு ஓடி வந்தாள். இன்னுமொன்று உண்டு. பின்னர் ஒசாக்காவில் ஒரு தோட்டக்கலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுதினார். ஐம்பது இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 51 பேர். வெளியே நின்ற அந்த ஒருவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

அவருக்கு உண்மையில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் பள்ளிக்கூடத்தில் இல்லை. நொன்னொன்பா என்று ஊரார் அழைத்த ஏழைக் கிழவி ஒருத்தி. வீட்டுக்கு வந்துபோகும் அந்த ஆச்சி, கூரை மூலையில் தெரியும் கறை எந்தப் பேயின் வேலை, குளியலறை அழுக்கை நக்க வருவது எது, இரவு வழியில் பின்னால் கேட்கும் காலடி யாருடையது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். யப்பானியர் அவற்றை யோகாய் என்பார்கள். பேய் என்று சொன்னால் முழுதும் பொருந்தாது. நம் ஊர் முனி மாதிரி, பயமும் பழக்கமும் சேர்ந்த அயலவர்கள். கிணற்றடி ஆலமரத்து முனியைத் தாண்டும்போது என் அப்பாச்சி மெல்லச் செருமிவிட்டுத்தான் போவாள். நொன்னொன்பா அதைப் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பாள்.

போர் வந்தது. 1943 இல் படைக்குப் பிடித்தார்கள். முதலில் கொம்பு ஊதும் வேலை. ஊத வரவில்லை. வேறு வேலை தாருங்கள் என்று போய் நின்றார். "உனக்கு வடக்குப் பிடிக்குமா, தெற்குப் பிடிக்குமா?" என்று அதிகாரி கேட்டார். குளிருக்குப் பயந்தவர், தெற்கு என்றார். யப்பானின் தெற்கைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாராம். கப்பல் போய் நின்றது நியூ பிரிட்டன் தீவின் ரபாவுலில், பப்புவா நியூ கினிப் பக்கம்.

அங்கே பையேன் என்ற இடத்தில் ஒரு சிறு காவல் பிரிவில் இருந்தார். விடியற்காலைக் காவல் அவருடையது. காவல் முடிந்ததும் போய் மற்றவர்களை எழுப்ப வேண்டும். ஆனால் தூரக்கண்ணாடிக்குள் கிளிகள் அகப்பட்டுவிட்டன. வெளிச்சம் பரவப் பரவ நிறம் நிறமாகக் கூட்டம் கூட்டமாகப் பறந்த காட்டுக் கிளிகள். பார்த்துக்கொண்டே நின்றதில் எழுப்பப் பிந்திவிட்டது. அந்த இடைவெளியில் தாக்குதல் நடந்தது. பிரிவில் இருந்த அத்தனை பேரும் இறந்தார்கள். இவர் ஒருவர் மட்டும் கடலில் பாய்ந்து, துப்பாக்கியும் உடுப்பும் போய், கோவணத்தோடு காட்டுக்குள் நாள்கணக்கில் ஓடித் தப்பி முகாமுக்கு வந்து சேர்ந்தார்.

இந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் நின்றேன். என் கிளிகள் எவர் உயிரையும் காப்பாற்றவுமில்லை, எவரையும் சாகவிடவுமில்லை. உள்ளங்கையில் நாலு அடி, அவ்வளவுதான். அவரோ அந்தக் கிளிகளை வாழ்நாள் முழுதும் சுமந்தார்.

முகாமில் அவருக்குக் கிடைத்த வரவேற்பைக் கேளுங்கள். பேரரசரின் துப்பாக்கியைத் தொலைத்தது ஏன், எல்லோரும் செத்தபோது நீ மட்டும் உயிரோடு வந்தது ஏன் என்று அதிகாரிகள் ஏசினார்கள். பிந்தி வந்தவர்களின் வரிசையில் அவரைவிட மோசமாக எவரும் நிறுத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு மலேரியா. காய்ச்சலில் படுத்திருக்கும்போது வான் தாக்குதலில் இடது கையில் காயம். மயக்க மருந்து இல்லாமலே படை மருத்துவர் கையை வெட்டி எடுத்தார். காயம் ஆறும் நாட்களில் அந்த இடத்திலிருந்து பச்சைக் குழந்தையின் மணம் வந்தது என்று எழுதியிருக்கிறார். அப்போதுதான் பிழைத்துவிடுவேன் என்ற எண்ணம் வந்ததாம்.

பக்கத்தில் தொலாய் மக்களின் கிராமம். ஒற்றைக் கையோடு அங்கே போய் வரத் தொடங்கினார். அவர்கள் பழமும் கிழங்கும் கொடுத்தார்கள், தோட்டம் செய்ய நிலம் கொடுத்தார்கள், போர் முடிந்ததும் இங்கேயே இருந்துவிடு என்றார்கள். அவரும் இருக்கத்தான் நினைத்தார். ஒருமுறை ஊருக்குப் போய்ப் பெற்றோரைப் பார்த்துவிட்டு வா என்று மருத்துவர் சொன்னதால் கப்பல் ஏறினார். ஏழு வருடத்தில் வருகிறேன் என்று கிராமத்தாருக்கு வாக்குக் கொடுத்தார். திரும்பிப் போனது 1971 இல். வழக்கம்போலப் பிந்தித்தான். அவர்கள் மறக்கவில்லை. அங்கே ஒரு வீதிக்கு அவர் பெயரையும் வைத்தார்கள்.

யப்பானுக்குத் திரும்பிய பிறகு பார்த்த வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் தோல்விதான். கோபேயில் மிசுகி வீதியில் ஒரு பழைய விடுதி வாங்கி வாடகைக்கு விட்டார். வீதியின் பெயர் ஆள் பெயராக ஒட்டிக்கொண்டது. சைக்கிளில் படப்பலகை கட்டி, மிட்டாய் விற்று, படத்தை ஒவ்வொன்றாக இழுத்துக் கதை சொல்லும் தெருக் கதைகாரர்களுக்குப் படம் கீறினார். தொலைக்காட்சி வந்து அந்தத் தொழிலைத் தின்றது. தோக்கியோவுக்குப் போய், வாடகைப் புத்தகக் கடைகளுக்கு மங்கா கீறினார். அந்தக் கடைகளும் சரிந்துகொண்டிருந்தன. சரியும் தொழிலாகப் பார்த்துச் சேர அவருக்கு ஒரு கைராசி.

1961 இல் பேச்சுக் கல்யாணம். பெண் பார்த்து ஐந்தாம் நாள் தாலி கட்டாத குறையாகத் திருமணம் முடிந்தது. மனைவி நுனோயே பிற்காலத்தில் எழுதிய நினைவு நூல் யப்பானில் தொலைக்காட்சித் தொடராகி, 2010 இல் வீடு வீடாக ஓடியது. அந்த வீட்டில் அடகுச் சீட்டுகளுக்குக் குறைவில்லை. கறுத்துக் கனிந்து கடைக்காரர் கழித்துப் போடும் வாழைப்பழங்களை மலிவாக வாங்கிவந்து தின்பார்கள். கனிந்தால்தான் ருசி என்று அவர் சொல்வாராம். கீறும்போது காகிதத்தை அழுத்திப் பிடிக்க மற்றக் கை இல்லை. ஆனாலும் அவருடைய பின்னணிகளைப் பாருங்கள்: ஒவ்வொரு இலையும், ஒவ்வொரு மரப்பட்டையும், கல்லறைக் கல்லின் பாசியும் புள்ளி புள்ளியாக, நிழற்படம் போல. அதன் நடுவே ஆட்கள் மட்டும் சட்டியும் தடியும் போலச் சாதாரணமாக. ஏன் அப்படி என்று முதலில் விளங்கவில்லை. இரண்டாம் முறை வாசிக்கும்போது காடுதான் கதாநாயகன் என்று பட்டது.

பெயர் கிடைத்தது 1965 இல், சிறுவர் மங்காவுக்கான கொதான்ஷா பரிசோடு. வயது 43. கல்லறையில் பிறந்த, ஒரு கண்ணை மயிர் மூடிய பேய்ச் சிறுவன் கிதாரோ, 1968 இல் தொலைக்காட்சிக்கு வந்தான். கல்லறை என்ற சொல் தலைப்பில் இருந்தால் விளம்பரதாரர் வரமாட்டார் என்று, சிறுவயதுக் 'கெகெ'யை நீட்டிக் "கெகெகெ கிதாரோ" ஆக்கினார்கள். கிதாரோவின் தகப்பன் வெறும் கண்முழி. தேநீர்க் கிண்ணத்தில் வெந்நீர் விட்டுக் குளிப்பார். தொடரின் பாட்டையும் மிசுகியே எழுதினார். பேய்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பரீட்சை இல்லை என்று அதில் ஓரிடம் வரும். தேசம் முழுக்கப் பிள்ளைகள் அதைப் பாடினார்கள். உப அதிபர்கள் என்ன செய்தார்களோ!

பேய்க் கதையோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 1973 இல் ரபாவுல் போரைக் கதையாக்கினார். சாகச் சொல்லி அனுப்பப்பட்டு, சாகாமல் திரும்பியவர்களை மறுபடியும் சாக அனுப்பும் கதை. தொண்ணூறு விழுக்காடு உண்மை என்று அவரே சொன்னார். அதில் வீரம் பேசுகிறவர்களைவிட வயிற்றுப்போக்கு, பசி, கன்னத்தில் அறை வாங்குகிறவர்கள்தான் அதிகம். நம் ஊர்ப் போரைப் பற்றி வந்த எத்தனையோ எழுத்தில் நான் தேடிக் காணாதது அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மங்காவின் பெருந்தலைகளான தெசுக்கா ஒசாமுவும் இஷினோமொரி ஷோதாரோவும் எத்தனை இரவு விழித்தோம் என்று பெருமை பேச, தான் எப்படியும் பத்து மணிநேரம் தூங்குவேன் என்று மிசுகி சொன்னாராம். அதையும் ஒரு மங்காவாகக் கீறினார். அவர்கள் இருவரும் அறுபது வயதில் போனார்கள். இவர் 2015 நவம்பர் 30 வரை, 93 வயது மட்டும் இருந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன் யப்பானுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தது. எல்லோரும் பூஜி மலைக்குப் போக, நான் யொனாகோ நிலையத்தில் சகாய்மினத்தோ ரயிலுக்கு நின்றேன். அதன் மேடை இலக்கம் பூச்சியம். யப்பானிய மொழியில் பூச்சியத்துக்கும் ஆவிக்கும் ஒரே ஒலியாம், அதனால் வேண்டுமென்றே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். முட்டை வாங்கியவன் ஊருக்கு முட்டை மேடையிலிருந்து ரயில். பதினெட்டுக் கிலோமீற்றர், முக்கால் மணிநேரம், நிலையம் தோறும் ஒரு யோகாய் பெயர்.

ஊரில் அவர் பெயரால் ஒரு வீதி. 1993 இல் 23 வெண்கலச் சிலைகளோடு தொடங்கியது, 2018 இல் 177 ஆனது. பெரும்பாலானவை முழங்கால் உயரம். பேய்களின் மூக்கையும் தலையையும் பிள்ளைகள் தடவித் தடவி மினுக்கி வைத்திருக்கிறார்கள். கணக்கில் தவறிய பெடியனால்தான் இன்று அந்த ஊர்க் கடைகளுக்கு வியாபாரம்.

திரும்பும் ரயிலை விட்டுவிட்டேன். துறைமுகத்தில் பருந்துகள் தாழப் பறந்து ஒருவர் கையிலிருந்த பாணைத் தட்டிக்கொண்டு போயின, அதைப் பார்த்து நின்றதால். நிலையத்துக்கு முன்னால் மிசுகி மேசையில் குனிந்து கீறிக்கொண்டிருக்கிறார், வெண்கலத்தில். பக்கத்தில் கிதாரோ. அடுத்த ரயில் வரும்வரை அவர்களுக்கு அருகே இருந்து, மகள் வாங்கித் தந்த கொப்பியைத் திறந்தேன். கணக்குக் கொப்பியும் அதன் கிளிகளும் 1995 இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டன. சித்திர மாஸ்டர் போட்ட கோடும் அதில்தான் இருந்தது. பருந்து ஒன்றைக் கீறிப் பார்த்தேன். சொண்டு இந்த முறையும் காகத்தினுடையதாகவே வந்தது.