சோலார் பேட்டரி: ராத்திரிக்கு எவ்வளவு போதும், எங்கே கெடுகிறது

மாடியில் 3 கிலோவாட் பேனல் இருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனாலும் கரண்ட் போனதும் வீட்டில் பேன் நின்றுவிடும். ஆன்-கிரிட் சோலார் (பேட்டரி இல்லாமல் ஊர் லைனோடு சேர்ந்து ஓடுவது) போட்ட பலருக்கு முதல் ஏமாற்றம் இதுதான். இது பழுதல்ல. கம்பத்தில் லைன்மேன் வேலை பார்க்கும்போது நம் வீட்டு மின்சாரம் லைனில் ஏறி அவர் உயிருக்கு உலை வைத்துவிடக் கூடாது. அதனால்தான் லைன் செத்தவுடன் இன்வெர்ட்டரும் தன்னை நிறுத்திக்கொள்கிறது. கட் நேரத்திலும் கரண்ட் வேண்டும், பகல் வெயில் ராத்திரிக்கும் உதவ வேண்டும் என்றால் லைன், பேனல், பேட்டரி மூன்றையும் கையாளும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை.

ஆனால் பில் குறைந்தால் போதும் என்பவர்களுக்கு பேட்டரி வேண்டாம். நெட் மீட்டர் இருக்கும் வீட்டில் பகலில் லைனுக்குக் கொடுத்த யூனிட் ராத்திரிக் கணக்கில் கழிந்துவிடும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியமும் பேனல் திறனுக்குத்தான், பேட்டரிக்கு அல்ல. அடிக்கடி கரண்ட் போகும் ஊர், வீட்டில் மருத்துவக் கருவி, வீட்டிலிருந்தே வேலை என்று காரணம் இருப்பவர்கள் மேலே படியுங்கள்.

சூரிய மின்சாரம் மூன்று விதமாக விட்டுவிட்டு வரும். மேகம் கடந்துபோகும் சில நிமிடம், சூரியன் இல்லாத பன்னிரண்டு மணி நேரம், ஐப்பசி கார்த்திகையில் நாள் கணக்கில் மூடிக்கிடக்கும் வானம். முதல் இரண்டுக்கும் பேட்டரி நல்ல பதில். மூன்றாவதற்குப் பதிலாகாது. 3 கிலோவாட் பேனல் நம் ஊரில் சராசரியாக நாளுக்கு 12 யூனிட் தரும். அடைமழை நாளில் அது மூன்று யூனிட்டுக்குக்கூட இறங்கும். பேட்டரியை இரட்டிப்பாக்கினாலும் நிரப்ப வெயில் வேண்டுமே. கலிபோர்னியாவில் 2024 ஏப்ரலில் ஒரு மாலை, சிறிது நேரத்துக்கு, மொத்த கிரிட்டிலும் அதிக மின்சாரம் கொடுத்தது பேட்டரிகள்தான். அங்கேயும் அவை செய்தது மதிய வெயிலைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்த வேலையே. ஆகவே பேட்டரியின் அளவைப் பேனலை வைத்தோ மழைக்காலத்தை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். ஒரு ராத்திரிச் செலவை வைத்து முடிவு செய்யுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை 30 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும்) பேன் நான்கு, பத்து மணி நேரம்: 1.2 யூனிட். பிரிட்ஜ் 0.6. பத்து வாட் எல்.இ.டி. எட்டு, ஐந்து மணி நேரம்: 0.4. டிவியும் வைஃபை ரௌட்டரும் சேர்ந்து சுமார் 0.36. ஆக 2.56 யூனிட். இன்வெர்ட்டரில் எட்டு சதவீதம் வீணாகும் என்று வைத்தால் 2.8. இன்வெர்ட்டர் சும்மா ஓடுவதற்கே 50 வாட் தின்னும். பன்னிரண்டு மணி நேரத்தில் அது 0.6 யூனிட். இதை விற்பவர் யாரும் சொல்வதில்லை. மொத்தம் 3.4. பேட்டரியில் எண்பது சதவீதம்தான் எடுக்கப் போகிறோம் என்றால் 4.25 யூனிட் கொள்ளளவு வேண்டும். சந்தையில் கிடைக்கும் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றே 5.12 யூனிட். போதும்.

அதே வீட்டில் ஏழு மணி நேரம் ஏசி ஓடினால், மணிக்கு 0.8 யூனிட் என்றாலும், இன்னும் 7.6 யூனிட் கொள்ளளவு சேர வேண்டும். ஒரு பேட்டரி மூன்றாகிவிடும். ஏசியை லைனிலேயே விட்டுவிடுவதுதான் என் யோசனை. போர் மோட்டாரையும் பேட்டரிப் பக்கம் சேர்க்காதீர்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டால் மேல்நிலைத் தொட்டியே செலவில்லாத பேட்டரி.

பழைய டியூபுலர் (லெட்-ஆசிட்) பேட்டரி இருக்கிறதே என்று கேட்பார்கள். 12 வோல்ட் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பெயருக்கு 1.8 யூனிட், பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் ஆயுள் கரையும். தினசரி ஏறி இறங்கும் வேலைக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான் சரி. விளம்பரத்தில் சொல்லும் 6000 சுழற்சி (ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு சுழற்சி) 25 டிகிரியில் பார்த்த கணக்கு. தகரக் கூரை போட்ட மாடி அறையில் வைத்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். மேற்கு வெயில் படாத தரைத்தள சுவர், சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி போதும். படுக்கையறை வேண்டாம். வெளியேறும் ஒரே வழி மாடிப்படிதான் என்றால் அதன் அடியிலும் வேண்டாம்.

இணைப்பில் கஞ்சத்தனம் கூடாது. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் பேட்டரியிலிருந்து 110 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 35 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள், முடிந்த அளவு குட்டையாக. பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே டி.சி.க்கென்று (பேட்டரி தரும் நேர் மின்னோட்டம்) செய்த பியூஸ். வீட்டு மாறுமின்னோட்டத்துக்கு மாட்டும் எம்.சி.பி.யை (சர்க்யூட் பிரேக்கர்) இங்கே மாட்டினால், டி.சி. பொறி அணையாமல் நின்று எரியும். லக்குகளை (கேபிள் நுனியில் உள்ள உலோக முனைகள்) சரியான டார்க்கில், அதாவது சொன்ன முறுக்கு விசையில், முறுக்கி, முழுச் சுமையில் அரை மணி ஓடவிட்டு, ஒவ்வொரு முனையும் சுடுகிறதா என்று வெப்பமானியால் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அது தளர்ந்த லக்.

செட்டிங்கில்தான் அதிக பேட்டரிகள் சாகின்றன. பல இன்வெர்ட்டர்கள் லெட்-ஆசிட் அமைப்பில்தான் வரும். அதில் ஈக்வலைசேஷன் (லெட்-ஆசிட் பேட்டரிக்கு அவ்வப்போது கூடுதல் வோல்ட் கொடுக்கும் வசதி) ஆன் ஆகியிருந்தால் அறுபது வோல்ட்டைக்கூடத் தாண்டலாம். நம் 51.2 வோல்ட் லித்தியத்தில் பதினாறு செல், அதன் எல்லை 58.4 வோல்ட். முதலில் ஈக்வலைசேஷனை அணையுங்கள். சார்ஜ் 56 வோல்ட், ஃப்ளோட் (நிரம்பிய பிறகு பிடித்துவைக்கும் வோல்ட்) 54, கட்-ஆஃப் (இதற்குக் கீழே இறங்கவிடாமல் நிறுத்தும் வோல்ட்) 48, சார்ஜ் கரண்ட் 50 ஆம்பியர் என்று வைக்கலாம். பேட்டரிக் கையேடு வேறு சொன்னால் அதுவே முடிவு. பி.எம்.எஸ்.ஸையும் (பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் கட்டுப்பாட்டுப் பலகை) இன்வெர்ட்டரையும் இணைக்கும் வயர் பார்க்க நெட்வொர்க் கேபிள் போலவே இருக்கும், ஆனால் உள்ளே பின் வரிசை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். கடையில் வாங்கிய நெட்வொர்க் கேபிளைச் செருகிவிட்டு "பேசவில்லை" என்று நிற்பது இதனால்தான்.

அடுத்த தொல்லை, திரையில் 35 சதவீதம் காட்டும்போதே பேட்டரி திடீரென்று படுப்பது. இந்த வகை செல் 3.2, 3.3 வோல்ட்டிலேயே பெரும்பாலும் நிற்கும், அதனால் வோல்ட்டை வைத்து மீதியைச் சொல்ல முடியாது. பி.எம்.எஸ். உள்ளே போன, வெளியே வந்த கரண்டை எண்ணிக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் நிரம்பாவிட்டால் அந்த எண்ணிக்கை பிசகும். எல்லா செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து சமன்படுத்தும் வேலையும் செல் 3.4 வோல்ட்டைத் தாண்டினால்தான் நடக்கும். மழைக்காலத்தில் இந்தப் புகார் கூடுவதன் காரணம் இதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெயில் இல்லாவிட்டால் லைன் கரண்டிலாவது, முழுதாக ஏற்றி ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள்.

சமன் கெட்டால் எப்படித் தெரியும்? பதினைந்து செல் 3.38-இல் நிற்க, ஒன்று மட்டும் 3.65-ஐத் தொட்டிருக்கும். மொத்தம் 54.35 வோல்ட்தான், ஆனாலும் பி.எம்.எஸ். சார்ஜை வெட்டிவிடும். வோல்ட் ஏறவில்லையே என்று சார்ஜ் செட்டிங்கைக் கூட்டுவது தப்பான வைத்தியம். 55.2-க்குக் குறைத்து, சார்ஜ் கரண்டையும் 5 ஆம்பியருக்கு இறக்கி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். சமன்படுத்தும் கரண்ட் 0.1 ஆம்பியர் அளவில்தான் என்றால் ஒரு ஆம்பியர்-ஹவர் வித்தியாசத்தைச் சரிசெய்யவே பத்து மணி நேரம் ஆகும். இரண்டு மூன்று நாளிலும் அதே செல் முந்திக்கொண்டால் வாரண்டிக்குப் போக வேண்டியதுதான்.

வேலை முடிந்து எலக்ட்ரீஷியன் கிளம்பும் முன் மெயினை இறக்கிப் பாருங்கள். பேக்கப் லைட் (பேட்டரிப் பக்கம் சேர்த்தது) எரிய வேண்டும், ஏசி அணைய வேண்டும். ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) டிரிப் ஆனால் பேக்கப் சர்க்யூட்டின் நியூட்ரல் மற்ற நியூட்ரலோடு எங்கோ கலந்திருக்கிறது. பழைய வீடுகளில் இது மிகச் சாதாரணம். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு "இப்ப சரியாயிடுச்சு" என்பவரை விடாதீர்கள்; நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு மெயின் இறங்கியிருக்கும்போதே பேக்கப் பக்க ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால், ஆர்.சி.சி.பி.யையும் அதன் இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். லைன் இல்லாத நேரத்தில் நியூட்ரல் எர்த்தோடு சேர்கிறதா என்பதை இந்தப் பட்டன் காட்டாது, அதைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.