பீலிக்கு மேலே கொட்டிய குப்பை

எங்கள் மலையில் குப்பை கொட்டப் பிரதேச சபை எடுத்திருந்த சுற்றாடல் அனுமதிப்பத்திரத்தின் நகல் என் கைக்கு வந்த அன்று நல்ல மழை. பாடசாலை விட்டு வந்து, ஈரக் குடையை மடக்காமலே லயத்து வரிசை வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து படித்தேன். நான்கு பக்கம், எல்லாம் சிங்களத்தில். இரண்டாம் பக்கத்தில் நிபந்தனைகள் இருந்தன. கொட்டிய குப்பையை அன்றன்றே மண் போட்டு மூட வேண்டும். குப்பையிலிருந்து வடியும் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும். பிரிக்காத குப்பையை உள்ளே எடுக்கக் கூடாது. சுற்றி வேலி வேண்டும். இதில் ஒன்றுகூட எங்கள் மலையில் நடக்கவில்லை. அது மட்டுமில்லை, அனுமதியே காலாவதியாகி இரண்டு வருடம் கடந்திருந்தது.

எங்களுடையது நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்தின் கீழ் டிவிசன். டவுன் குப்பையைப் பிரதேச சபை எங்களுக்கு மேலே, கைவிட்ட தேயிலை மலையில் கொட்டி வந்தது. நாங்கள் குடிக்கிற பீலித் தண்ணீர், அதாவது ஓடிவந்து விழும் ஊற்றுத் தண்ணீர், அந்த மலை அடிவாரத்திலிருந்துதான் வருகிறது. மே மாதம் மழை பிடித்தால் பீலியில் பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் வரும். அம்மா பழைய வெள்ளைத் துணியை மூன்றாக மடித்து வடிப்பார். வடித்து முடிந்ததும் துணியில் கறுப்பாக ஒரு பிசுக்கு நிற்கும். சவுக்காரம் போட்டாலும் போகாது. கொதிக்க வைத்தால் நாற்றம் இன்னும் கூடும். குப்பைக்கு நாய்கள் சேர்ந்தன, நாய்களைத் தேடிச் சிறுத்தை வரத் தொடங்கியது. விடியற்காலையில் கொழுந்துக்குப் போகும் பெண்கள் தனியாகப் போகப் பயந்து கூட்டமாகப் போனார்கள்.

எனக்கு மனதில் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, பாதை கேட்டாலும் லைட் கேட்டாலும் “தோட்டத்துக்குள்ள சபைக் காசு செலவழிக்க ஏலாது” என்றுதான் பதில் வரும். சபையின் சேவை எங்களிடம் வராத காலத்திலும் சபையின் குப்பை மட்டும் தவறாமல் வந்தது.

முதல் இரண்டு வருடத்தை வீணாக்கினோம். தோட்டத் தலைவரைப் பார்த்தோம், சபையின் தவிசாளரைப் பார்த்தோம், ஒரு தடவை குப்பை டிரெக்டரை மறித்து ரோட்டில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு முறையும் “ரெண்டு மாசத்துல வேற எடம் பாக்குறோம்” என்றார்கள். எல்லாம் வாய்ப் பேச்சு, கடுதாசியில் ஒன்றுமில்லை. டிரெக்டரில் வந்த தொழிலாளிகளில் இரண்டு பேர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள். கையுறைகூட இல்லாமல் நின்றார்கள். அவர்களை மறித்து நின்றது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

வழி காட்டியவர் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அலுவலகத்தில் இருந்த ஒரு அம்மா. எங்கள் மனுவைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். “டீச்சர், இந்த இடத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கா? இருந்தா அதுல என்ன நிபந்தனை போட்டிருக்கு?” எனக்குத் தெரியவில்லை. “குப்பையை எடுங்க” என்று மட்டும்தான் அதுவரை எழுதியிருந்தேன். எடுக்கச் சொன்னால் வேறு இடம் இல்லை என்று சபை தப்பிவிடும். தானே கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட நிபந்தனையைக் காட்டினால் அப்படித் தப்ப முடியாது. இந்த வித்தியாசம் புரிந்த பிறகுதான் எங்கள் வேலை உருப்பட்டது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்கு எழுதினேன். கேட்டது மூன்று விஷயம்: அனுமதிப்பத்திரத்தின் நகல், பரிசோதனை அறிக்கைகள், அந்த நிலத்தைச் சபை பாவிக்க அனுமதித்த கடிதம். கவுண்டரில் இருந்தவர் “எதுக்கு இதெல்லாம்?” என்றார். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சண்டை போடாமல் சொன்னேன். கடிதம் கிடைத்ததற்கு முத்திரையும் திகதியும் வாங்கிக்கொண்டேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அடுத்த 14 நாட்களுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். அங்கேயும் பதில் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். அதுவரை போக வேண்டி வரவில்லை, நகல் வந்தது. தமிழில் தரச் சொல்லி மறுபடி எழுதினேன். தமிழில் பதில் பெறுவது எங்கள் அரசியலமைப்பு உரிமை. வர ஒன்றரை மாதம் எடுத்தாலும் வந்தது.

அதன் பிறகு ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். ஒரு பக்கம் நிபந்தனை, எதிர்ப்பக்கம் நடந்தது. பெரிய எழுத்து எதுவும் இல்லை: “செவ்வாய், மாலை 4.20. இரண்டு டிரெக்டர். மண் போடவில்லை. பம்பர்ஸ், கோழிச் சிறகு, பொலித்தீன் எல்லாம் கலந்து. இரவு மழை. காலையில் பீலி கலங்கல்.” இப்படி ஏழு மாதம் எழுதினேன். நான் டவுனுக்குப் போன நாட்களில் கடைசிக் காம்பராவில் இருக்கும் தங்கச்சி எழுதினாள். ஃபோனில் படம் எடுக்கும்போது எப்போதும் ஒரே கருங்கல்லில் நின்று எடுத்தோம், மேடு வளர்வது தெரியட்டும் என்று.

முதல் பரிசோதனை ஏமாற்றம். சுற்றாடல் அதிகார சபை அதிகாரிகள் வருவது பிரதேச சபைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அன்று காலை நான்கு லோட் செம்மண் வந்து இறங்கி மேடெல்லாம் புதிதாக மூடியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் கொப்பியில் அந்த நான்கு லோடும் நேரத்தோடு பதிவாகியிருந்தது. அதை எடுத்து நீட்டியதும் அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டிப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த முறை சொல்லாமல் வந்தார்கள், மூன்று நாள் மழைக்குப் பிறகு. செம்மண் முழுக்கக் கழுவிப் போயிருந்தது. கானில் கறுப்பாக ஓடிய தண்ணீரைப் போத்தலில் பிடித்து, இலக்கம் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தார் ஒருவர். ஓடையில் விடும் கழிவு நீரில் பி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டத்தின் எல்லை. எங்கள் தண்ணீர் அதைப் பல மடங்கு தாண்டியிருந்தது.

சபை சொன்ன பதில்களையும் சொல்ல வேண்டும். “எங்க குப்பை ஒரு நாளைக்கு 10 தொன்கூட வராது, எங்களுக்கு அனுமதியே தேவையில்ல” என்றார்கள். அப்படியானால் முன்பு ஏன் எடுத்தார்கள்? அதோடு, குப்பை கொஞ்சமோ நிறையவோ, தொல்லை வராத மாதிரி அதை அகற்றுவது சபையின் கடமை என்று பிரதேச சபைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சொல்கிறது. காசில்லை என்று அவர்கள் சொன்னது மட்டும் உண்மை. சின்னச் சபை, வருமானம் சந்தைக் கடை வாடகையும் வரியும்தான். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து அப்போது உறுப்பினர்களும் இல்லை, எல்லாம் செயலாளர் கையில் இருந்தது. அந்த மனிதரின் கஷ்டம் எனக்குப் புரிந்தது. அதற்காக எங்கள் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது.

அதனால்தான் நீதவான் நீதிமன்றம் போனோம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு, பொதுத் தொல்லை. சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானத்தைக் காட்டி ஒரு சட்டத்தரணியை இலவசமாகப் பெற்றோம். மெலிந்த பெண், எங்கள் வயதுதான் இருக்கும். பீலியை நேரில் பார்த்துவிட்டுத்தான் வழக்கு எழுதுவேன் என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வழுக்குப் பாதையில் இறங்கி வந்தார். அட்டை கடித்த காலோடு திரும்பிப் போனார். குப்பை மேட்டை மூடச் சொல்லி அவர் கேட்கவில்லை. நிபந்தனைகளைத் திகதி போட்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றக் கட்டளை கேட்டார். மூடினால் அடுத்த மலையில் இன்னொரு லயத்துக்கு மேலே கொட்டுவார்கள். அதை எங்கள் சனங்களுக்குப் புரிய வைப்பதுதான் எனக்கு வழக்கைவிடக் கஷ்டமாக இருந்தது.

தவணைக்கு மேல் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் ஒரு நாள் பேரை (நாள் சம்பளத்தை) இழந்து வந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) தண்ணீரைப் பற்றிச் சாட்சி சொன்னார். கடைசியில் கட்டளை வந்தது: ஒரு மாதத்தில் மழைத் தண்ணீரைத் திருப்பும் கான், மூன்று மாதத்தில் தொட்டி, உடனடியாக மண் மூடல், ஒவ்வொரு தவணையிலும் சபை முன்னேற்ற அறிக்கை. கான் நேரத்துக்கு வந்தது. தொட்டி ஐந்து மாதம் பிந்தியது. உக்கும் குப்பையைத் தனியாக எடுக்கும் வேலை டவுனில் தொடங்கியது. டிரெக்டர் பையன்களுக்குக் கையுறையும் பூட்சும் கிடைத்தன.

பழைய பீலியில் இப்போது நிறம் இல்லை. ஆனாலும் குடிக்க எடுப்பதில்லை, மேல் ஊற்றிலிருந்து தனிக் குழாய் போட்டிருக்கிறோம். அம்மா உடுப்பு மட்டும் அங்கே துவைக்கிறார். சபை புதுப்பித்த அனுமதிப்பத்திரத்தின் காலாவதித் திகதியை மூன்றாவது சி.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது முடிவதற்கு மூன்று மாதம் முன்பு சபைக்குக் கொடுக்க வேண்டிய கடிதமும் அதே கொப்பிக்குள் தயாராக இருக்கிறது. திகதி மட்டும்தான் போட வேண்டும்.