துருவக் கப்பலுக்குக் கேமரா மூட்டை கட்டுமுன்

துருவப் பயணம் என்றதும் எல்லோரும் கேட்பது, குளிரைக் கேமரா தாங்குமா என்றுதான். கப்பல்கள் போகும் நவம்பர் முதல் மார்ச் வரை அண்டார்டிக் தீபகற்பத்தின் கரையோரம் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அதற்கெல்லாம் கேமரா அசராது. கெடுப்பவை உப்புத் தண்ணீரும் கேபினின் கதகதப்பும்.

வெளியே இரண்டு மணி நேரம் சில்லிட்டுப்போன கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி வியர்க்கும். லென்ஸுக்கு உள்ளேயும் நீர் கோத்துக்கொள்ளும். வெளியில் நிற்கும்போதே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, உள்ளே வந்து ஒன்றிரண்டு மணி நேரம் தொடாமல் விட வேண்டும். மெமரி கார்டையும் பேட்டரியையும் முன்னதாகவே கழற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் படம் பார்க்கும் ஆவலே பையைத் திறக்க வைத்துவிடும்.

இதே வெப்ப வேறுபாடு பால்கனியிலும் வேலையைக் காட்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நீளமான லென்ஸில் எடுத்தால், வெளியேறும் சூடான காற்று கானல்போல் நெளிந்து படம் மசமசவென்று வரும். ஃபோகஸ் சரியில்லை என்று லென்ஸைத் திட்டுவார்கள். கதவைச் சாத்திவிட்டு எடுத்துப் பாருங்கள்.

லென்ஸ் தேர்வு போகும் துருவத்தைப் பொறுத்தது. அண்டார்டிகாவில் பென்குவினிடமிருந்து 5 மீட்டர், ஃபர் சீலிடமிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 24-105 மி.மீ., 100-400 மி.மீ. லென்ஸ் ஜோடி போதும். வட துருவப் பக்கம், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் அப்படியல்ல. 2025 ஜனவரி 1 முதல் பனிக்கரடியை 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். இரண்டரை மீட்டர் நீளமுள்ள கரடி 300 மீட்டர் தூரத்தில் நின்றால், 600 மி.மீ. லென்ஸிலும் ஃபுல் ஃப்ரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமராவின் படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான் வரும். எனவே கரடியின் முகத்தைத் துரத்தாமல், பனிப்பரப்பில் அது சிறு புள்ளியாக நடப்பதை எடுக்கத் தயாராகுங்கள். படமும் அப்போதுதான் நன்றாக இருக்கும்.

கப்பலிலிருந்து கரைக்குப் போவது சோடியாக் என்னும் ரப்பர் படகில். ஏறும்போதும் இறங்கும்போதும் மாலுமியின் முன்கையை நம் கை பற்றியிருக்க வேண்டும். கழுத்தில் கேமரா ஊசலாடக் கூடாது. வாயைச் சுருட்டி மூடும் 20 லிட்டர் நீர்புகாப் பைக்குள் எல்லாம் போக வேண்டும். முன்பக்கம் உட்கார்ந்தால் அலை தெறிக்கும்; ஓட்டுநரை ஒட்டிய பின்பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும். படகில் லென்ஸ் மாற்றவே கூடாது. முடிந்தால் இரண்டு கேமராக்கள். உப்புத் துளி பட்டால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த உப்பை வறண்ட துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

பறவைக் காய்ச்சல் பரவியதிலிருந்து, அண்டார்டிகாவில் தரையில் முட்டி போடவோ, படுக்கவோ, பையைக் கீழே வைக்கவோ விடுவதில்லை. தாழ்ந்த கோணம் வேண்டுமென்றால் மடங்கித் திரும்பும் திரைதான் வழி. முக்காலியை விட்டுவிடலாம், கப்பலில் இன்ஜின் அதிர்வு அதன் கால் வழியாகவே ஏறும். சுற்றுலா நடத்துநர் சங்கமான ஐ.ஏ.ஏ.டி.ஓ. பொழுதுபோக்கு டிரோன்களைக் கரையோரங்களில் அனுமதிப்பதில்லை. பையின் வெல்க்ரோ பட்டைகளில் ஒட்டியிருக்கும் விதை, மண் எல்லாவற்றையும் கிளம்புமுன்பே ஊசியால் நோண்டி எடுத்துவிடுங்கள். கப்பலிலும் சோதிப்பார்கள்.

பனியைக் கேமரா சாம்பலாகத்தான் எடுக்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றி, பென்குவினின் வெள்ளை மார்பு விவரமில்லாமல் வெளுத்துப்போகிறதா என்று ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில்) பாருங்கள். ஆடும் படகில் ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் கீழே வேண்டாம், பறவைகளுக்கு 1/2000.

ஒரு கேமராவுக்கு மூன்று பேட்டரி. உதிரியானவை விமானத்தில் கைப்பையிலும், கரையில் உள்சட்டைப் பையிலும் இருக்கட்டும். நாளுக்கு 1000 படம், ஒவ்வொன்றும் 30 எம்பி என்றால் 10 நாளில் 300 ஜிபி. அதை இரண்டு தனித்தனி டிஸ்க்கில் எழுத இடம் வேண்டும்.

அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயாவில் கப்பல் ஏறினால், அண்டார்டிகாவுக்கு முன்னால் இருக்கும் டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள். மெல்லிய உள்ளுறையோடு கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணால் பார்க்காமல் பட்டன்களை அழுத்திப் பழக அந்த இரண்டு நாள் போதும், தலைசுற்றல் விட்டால்.